மஞ்சள் காமாலை அபிடவிட்: அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார்

வாசகர் கேள்வி | 9 ஜூன் 2025, காலை 7.40

அப்பா மீது போட்ட புரோநோட்டு வழக்கில், எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. வழக்கு நடந்ததே எங்களுக்குத் தெரியாது. வீடு மாறி இரண்டு வருடம் ஆகிறது. சம்மன் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. நிறைவேற்று மனுவில் (தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு) நோட்டீஸ் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இப்போது வக்கீல் தயாரித்திருக்கும் மனுவில், அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டு படுக்கையில் இருந்ததாக எழுதியிருக்கிறது. அப்படி ஒரு நோய் அவருக்கு வந்ததே இல்லை. "வராத நோயை வந்ததாகச் சத்தியம் செய்ய மாட்டேன்" என்று பேனாவை வைத்துவிட்டார். வக்கீலோ, "எல்லா மனுவிலும் இப்படித்தான் இருக்கும், ஜட்ஜுக்கும் தெரியும், இது ஒரு சம்பிரதாயம்" என்கிறார். அப்பாவின் பிடிவாதத்தால் வழக்கு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு 9.15

போட வேண்டாம். அப்பா செய்ததே சரி. நானும் தாலுகா கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்கிறவள்தான், அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

நேர்மையைப் பிறகு பார்க்கலாம், முதலில் சட்டத்தை வைத்தே பேசுவோம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்பதற்கு 30 நாள் அவகாசம். அது தாண்டினால், தாமதத்தை மன்னிக்கும்படி 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தனி மனு போட வேண்டும். உங்கள் வக்கீல் எழுதியிருப்பது அந்த மனுவுக்கான அபிடவிட், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். ஆனால் அதே சட்டத்தின் அட்டவணையில் 123ஆவது இனம் என்ன சொல்கிறது? சம்மன் முறைப்படி சார்வாகவில்லை, அதாவது எதிர்வாதியிடம் சேர்ப்பிக்கப்படவில்லை என்றால் அந்த 30 நாள் தீர்ப்புத் தேதியிலிருந்து ஓடாது. தீர்ப்பைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும். பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று வழியில் சார்வு செய்திருந்தால்கூட அது முறையான சார்வு ஆகாது என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது அப்படியே இதற்குள் வருகிறது.

இப்போது காமாலை அபிடவிட்டைப் பாருங்கள். "படுக்கையில் இருந்தபடியால் வாய்தாவுக்கு வர இயலவில்லை" என்று எழுதினால், வாய்தா இருந்தது தெரியும் என்றுதான் அர்த்தம். சம்மன் கிடைத்ததை அப்பாவே ஒப்புக்கொண்டதாகிவிடும். கையில் இருக்கிற நல்ல காரணத்தை எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நிரூபிக்க முடியாத நோயைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டும்.

10 ஜூன், காலை 6.50

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் நம்பி இறங்கிவிடுவீர்கள். சம்மன் சார்வில் குறை இருந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு ரத்தாகிவிடாது. வழக்கு விசாரணைத் தேதி எதிர்வாதிக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது, ஆஜராகப் போதிய நேரமும் இருந்தது என்று எதிர்த்தரப்பு காட்டினால் மனு நிற்காது. ஆகவே மூன்று விஷயங்களைக் காகிதத்தோடு தயாராக வையுங்கள்: வீடு மாறியதற்கு ஆதாரம் (வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு மாற்றம், ரேஷன் கார்டில் முகவரி மாற்றிய தேதி), சம்மனை அமீனா (சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) யாரிடம் கொடுத்தார் அல்லது எந்தக் கதவில் ஒட்டினார் என்ற சார்வு அறிக்கையின் நகல், நிறைவேற்று மனு நோட்டீஸ் கைக்கு வந்த தேதி. அந்தத் தேதியிலிருந்து 30 நாளைத் தாண்டிவிடாதீர்கள். தாண்டியிருந்தால் 5ஆம் பிரிவு மனுவும் போடுங்கள், உண்மைக் காரணத்தோடு.

10 ஜூன், இரவு

"ஏன் குறிப்பாக மஞ்சள் காமாலை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

கோர்ட் வாசலைத் தாண்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் எந்த முன்சீப் கோர்ட்டிலும் தாமத மன்னிப்பு மனுக் கட்டுகளை எடுத்துப் புரட்டினால் இந்த வாசகம் வரும்: "நான் மஞ்சள் காமாலை நோயால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருந்து உட்கொண்டு, படுத்த படுக்கையாக இருந்துவிட்டபடியால், என் வக்கீலைச் சந்தித்து விவரம் சொல்ல இயலாமல் போய்விட்டது. இந்தத் தாமதம் வேண்டுமென்றே செய்ததல்ல." கோர்ட் எதிரே இருக்கும் டைப்பிங் சென்டர்களில் இது தயாராகவே கிடக்கும், பெயரும் தேதியும் மாற்றினால் போதும். ஒரே மனுவில் அண்ணன், தம்பி, தாயார் மூவருக்கும் ஒரே வாரத்தில் காமாலை வந்ததாக நானே படித்திருக்கிறேன்.

காமாலையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊரில் அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போவதைவிடக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பவர்கள் அதிகம். அதனால் பில், சீட்டு, டாக்டர் சான்று எதுவும் இல்லாததற்கு நோயே சமாதானம் சொல்லிவிடுகிறது. வாரக்கணக்கில் பத்தியம் என்பதால் நீண்ட தாமதத்துக்கும் பொருந்துகிறது. மூன்றாவது காரணத்தைப் பார் அசோசியேஷன் அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பல வழக்குகளில் தாமதத்துக்கு உண்மைக் காரணம் முந்தைய வக்கீல். வாய்தா தேதியைச் சொல்லியிருக்க மாட்டார், வழக்குக் கட்டைத் தொலைத்திருப்பார், அல்லது ஆஜராகாமல் விட்டிருப்பார். புதிய வக்கீல் அதை எழுதினால் தினமும் முகம் பார்க்கிற சக வக்கீலோடு பகை. நோய்மீது பழியைப் போட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆகவே இந்தப் பொய் பெரும்பாலும் கட்சிக்காரரைக் காப்பாற்ற எழுதப்படுவதில்லை. எங்களை நாங்களே காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறோம். சத்தியப் பிரமாணத்தின் கீழே கையெழுத்து மட்டும் கட்சிக்காரருடையது. இதுதான் என்னை உறுத்துகிறது.

11 ஜூன், மதியம்

கோர்ட்டிலிருந்து எழுதுகிறேன், சுருக்கமாக. சக வக்கீல் ஒருவர் கீழே கேட்டிருக்கிறார்: "எழுதுகிறவருக்குத் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியும், எதிர்த்தரப்புக்குத் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். யாரையும் ஏமாற்றாத பொய் எப்படிப் பொய்யாகும்?" இதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும். இரவில் எழுதுகிறேன்.

11 ஜூன், இரவு 10

இந்தப் பொய்யால் ஏமாறுகிறவர் ஒருவர் இருக்கிறார். நிஜமாகவே காமாலை வந்தவர்.

என் கட்சிக்காரர் ஒருவர், நடவு வேலைக்குப் போகிற அம்மா. வீட்டு மனை சம்பந்தமான வழக்கு. சரியாக விசாரணை நேரத்தில் அவருக்குக் காமாலை வந்தது. முதலில் நாட்டு மருந்துதான் சாப்பிட்டார். கண்ணும் நகமும் மஞ்சளாகி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, கடைசியில் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெளிநோயாளிச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு. மனு போட்டேன். இருந்ததை இருந்தபடி எழுதினேன்.

மனுவை வாசித்தபோது "மஞ்சள் காமாலை" என்ற சொல் வந்ததும் வக்கீல்கள் வரிசையில் சிரிப்பு ஓடியது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "வழக்கமான காரணம்தான் ஐயா" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் எதையும் சொல்லத் தேவைப்படவில்லை. நான் ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருந்த முத்திரையை நீதிபதி திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனு அனுமதிக்கப்பட்டது, 2,000 ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: "உடம்புக்கு முடியாமல் போனதற்கு எதற்கம்மா அபராதம்?"

செலவுத்தொகை அபராதம் அல்ல, எதிர்த்தரப்பின் அலைச்சலுக்கு ஈடு என்று சட்டப்படி விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆனால் அவர் கேட்டது வேறு என்பது எனக்குத் தெரியும். கள்ள நோட்டு புழங்குகிற ஊரில் நல்ல நோட்டு வைத்திருப்பவரும் அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டித்தான் ஆக வேண்டும். நாங்கள் வருடக்கணக்கில் எழுதிக் குவித்த பொய்க் காமாலைகளுக்கெல்லாம் சேர்த்து அந்த அம்மா 2,000 ரூபாய் கட்டினார். நடவு வேலையில் அந்தப் பணத்தைச் சேர்க்க எத்தனை நாள் குனிய வேண்டும் என்பது டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"எல்லாருக்கும் தெரிந்த பொய்" என்று சொல்கிற நண்பருக்கு என் பதில் இதுதான். எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் இதில் உள்ள கேடு. ரகசியமாகச் சொன்ன பொய் ஒரு வழக்கைக் கெடுக்கும். எல்லாரும் சம்மதித்துச் சொல்கிற பொய் அந்தக் காரணத்தையே கோர்ட்டில் செல்லாததாக்கிவிடும்.

12 ஜூன், காலை

"உண்மையைச் சொன்னால் கோர்ட் ஏற்குமா? 'என் வக்கீல் சொல்லவில்லை' என்று எழுதினால் நம்புவார்களா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். காந்தி தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது, தன் கட்சிக்குச் சாதகமாக வந்த கணக்கில் இருந்த பிழையைத் தானே கோர்ட்டில் ஒப்புக்கொண்டதை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உயர்ந்த உதாரணம்தான். ஆனால் அதைக் கேட்டவுடன் "அவர் மகாத்மா, நாம் யார்?" என்று எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள். நான் சொல்லப்போவது நம்மைப் போன்ற ஒருவருடைய வழக்கு, அதுவும் சென்னையைச் சேர்ந்தது.

என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி, உச்ச நீதிமன்றம், 1998. எதிர்வாதி மீது 1991இல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. ரத்துசெய்யக் கேட்டு மனு போட்டார். அந்த மனுவும் யாரும் ஆஜராகாததால் 1993 பிப்ரவரியில் தள்ளுபடியானது. வக்கீல் அதை அவரிடம் சொல்லவே இல்லை. 1995இல் நிறைவேற்று நோட்டீஸ் வந்தபோது அவர் வக்கீலிடம் ஓடினார். வக்கீல் சமாதானம் சொல்லிச் சில காகிதங்களில் கையெழுத்தும் பணமும் வாங்கிக்கொண்டு எதையும் செய்யவில்லை, பிறகு தொழிலையே விட்டு ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். கடைசியில் தாமதம் 883 நாள்.

அந்த மனிதர் நோய் எதையும் கற்பனை செய்யவில்லை. நடந்ததை அப்படியே எழுதினார். வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்கும் போய் 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவும் வாங்கினார். விசாரணை நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் மன்னித்தது. எத்தனை நாள் தாமதம் என்பது முக்கியமல்ல, சொல்கிற காரணம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எதிர்த்தரப்பின் நஷ்டத்துக்காக 10,000 ரூபாய் கொடுக்கவும் சொன்னது. அதுவும் நியாயம்தான், காத்திருந்தவருக்கும் செலவு உண்டு அல்லவா?

இன்றும் தாமத மன்னிப்பு வாதங்களில் இந்தத் தீர்ப்பை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். காமாலை அபிடவிட்டோடு சேர்த்தே காட்டுகிறோம். உண்மை சொன்னவருக்குக் கிடைத்த சலுகையைப் பொய்க்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துகிறோம்.

12 ஜூன், மாலை

"அப்படியானால் நானும் பழைய வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா?" என்று கேட்டவருக்கு: இப்போது முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இன்னும் இருப்பவை இரண்டு வழி. ஒன்று, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார். அங்கே கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் கவனக்குறைவுக்காக சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும், அது இன்னொரு நீண்ட பயணம். கட்சிக்காரர்களுக்குச் சுலபமாக இருந்த ஒரு கதவு மூடியதில் வக்கீலான எனக்கே வருத்தம்தான்.

13 ஜூன்

பொய் அபிடவிட்டுக்குத் தண்டனை உண்டா? உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 193ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 229ஆம் பிரிவு. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு நேராகப் போலீசில் புகார் கொடுத்து இதைத் தொடங்க முடியாது. தேவைப்பட்டால் பூர்வாங்க விசாரணை செய்து, கோர்ட்டே புகார் கொடுக்க வேண்டும். வேலைப்பளுவில் கோர்ட்டுகள் இதை அபூர்வமாகவே செய்கின்றன.

தண்டனை வராவிட்டாலும் கூண்டில் நிற்கிற வேதனை வரும். நான் ஜூனியராக இருந்தபோது பார்த்தது இது. காமாலை மனுவில் வாய்மொழி விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், குரலே உயர்த்த மாட்டார். "என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" "கீழாநெல்லி ஐயா." "யார் பறித்து வந்தது?" "நானேதான்." "செடி எப்படி இருக்கும், சொல்லுங்கள்." மனுதாரர் டவுனில் மொபைல் கடை வைத்திருந்தவர். "நெல்லிக்காய் மரம் மாதிரி, கொஞ்சம் சின்னதாக" என்றார். வயதானவர், "காய் எங்கே இருக்கும்?" என்றார். "கிளையில்." "இலைக்கு மேலேயா, கீழேயா?" இவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். இலைக்காம்பின் அடியில் கீழ்நோக்கிக் காய்ப்பதால்தான் அந்தப் பெயர் என்று வயல்வரப்பில் நடந்த பிள்ளைகள்கூடச் சொல்லும். அவர் கழுத்தில் வேர்வை ஓடியதை இரண்டாவது வரிசையிலிருந்து பார்த்தேன். மனு தள்ளுபடி.

அவர் கடனைக் கட்டிவிட்டார், கட்டிய ரசீதும் அவரிடம் இருந்தது என்பதுதான் இதில் கொடுமை. அந்த ரசீதைக் காட்டும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. கீழாநெல்லியை எழுதியது அவர் அல்ல.

13 ஜூன், இரவு

தலைப்பைவிட்டு விலகிய கேள்வி, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்: "குற்றவாளிக்காக வாதாடுவதும் பொய்தானே?"

இல்லை. குற்றம் சாட்டியவர் நிரூபிக்கட்டும் என்று கேட்பதில் பொய் எதுவும் இல்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதிலும் இல்லை. பொய்ச் சாட்சியைத் தயார்செய்து கூண்டில் ஏற்றுவதுதான் பொய். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு தெளிவானது. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸாருக்கும் மோதல் வந்து, குற்றம் சாட்டப்பட்ட போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, சட்டத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம் என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு முழு உடன்பாடு. பிடிக்காதவருக்காக ஆஜராவது வக்கீலின் கடமை. யாருக்காகவும் பொய் எழுதித் தருவது அந்தக் கடமையில் சேராது.

கட்சிக்காரர் முறைகேடாக நடக்க முற்பட்டால் அவரைத் தடுக்க முயல வேண்டும், கேட்காமல் பிடிவாதம் பிடித்தால் அவருக்காக ஆஜராக மறுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. வக்கீல் பொய் எழுதி, கட்சிக்காரர் மறுக்கிற உங்கள் வீட்டு நிலைமையை அந்த விதி எழுதியவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

15 ஜூன், ஞாயிறு

"வக்கீல்களை மட்டும் குறை சொல்லாதீர்கள், நாமெல்லாரும் அப்படித்தான்" என்று ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். தன் வகுப்பில் திங்கள்கிழமை வருகிற விடுப்புக் கடிதங்களில் பாதிக்கு மேல் காய்ச்சல் என்கிறார். ஊர்த் திருவிழா, மாமா கல்யாணம், மழையில் போக மனமில்லை, எல்லாம் காய்ச்சல். கீழே பெற்றோர் கையெழுத்து. பிள்ளையின் கையெழுத்தைவிட அப்பாவின் கையெழுத்துத்தான் அதில் அழகாக இருக்கிறதாம்.

படித்துவிட்டு நிறைய நேரம் யோசித்தேன். திருவிழாவுக்குப் போனோம் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? பள்ளி திட்டும். ஆகவே உண்மைக்கு இடம் கொடுக்காத பள்ளியும் இதில் பங்காளி. கோர்ட்டுக்கும் இது பொருந்தும். "வேலைக்குப் போனேன், ஒரு நாள் கூலி போய்விடும் என்று வாய்தாவுக்கு வரவில்லை" என்று ஒரு கூலித் தொழிலாளி எழுதினால் எத்தனை நீதிபதிகள் அதை ஏற்பார்கள்? ஏற்க வேண்டும் என்பது என் கட்சி. ஏற்காதவரை காமாலைக்குக் கிராக்கி குறையாது. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். பொய்யை மட்டும் திட்டிக்கொண்டு, உண்மை சொல்கிறவருக்கு அங்கே என்ன வரவேற்பு என்று பார்க்காமல் விடக்கூடாது.

பத்திர அலுவலகத்தையும் விட்டுவிட முடியாது. மனை 40 லட்சத்துக்குக் கைமாறும், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்புக்கு ஒட்டி 15 லட்சம் என்று எழுதுவார்கள், மீதி ரொக்கம். "எல்லாரும் செய்வதுதான்" என்ற அதே வார்த்தை இங்கேயும். பிறகு நான்குவழிச் சாலைக்கு அந்தப் பகுதி நிலத்தை அரசு எடுக்கும்போது என்ன நடக்கிறது? 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, சந்தை மதிப்பைக் கணக்கிட முந்தைய மூன்று ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரையப் பத்திரங்களையும் பார்க்கிறார்கள். அதிக விலை காட்டிய பத்திரங்களில் பாதியை எடுத்துச் சராசரி போடுகிறார்கள். அதிக விலை காட்டிய பத்திரமே இல்லாத ஊரில் சராசரி எங்கிருந்து உயரும்? அங்கே இழப்பீட்டை உயர்த்திக் கேட்டு வருகிற மனுக்களில் என் மேசைக்கு வந்தவற்றைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. குறைத்து எழுதியவர் ஊரைவிட்டுப் போயிருப்பார். பாட்டன் காலத்திலிருந்து விற்காமல் உழுதுகொண்டிருந்தவர், பத்திரம் எதிலும் பொய்யே எழுதாதவர், அடுத்தவர் எழுதிய பொய் விலைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்பார். நடவு வேலை செய்த அம்மாவுக்கு நடந்ததும் இதுவேதான்.

16 ஜூன், இரவு

ஒரு ஜூனியர் வக்கீல் தனியாக எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். சீனியர் அலுவலகத்தில் அவர்தான் காமாலை அபிடவிட்டுகளை டைப் செய்கிறாராம். "மறுத்தால் நாளைக்கு உட்கார இடம் இல்லை" என்கிறார். இதைப் படித்த பிறகு முதல் நாள் என் தொனியில் இருந்த சூடு வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது.

ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வகைசெய்யும்படி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்குச் சொன்னது. தாலுகா ஊர்களில் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்த ஜூனியர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. பஸ் காசுக்குச் சீனியரை எதிர்பார்க்கிற பிள்ளையிடம் "நீ நேர்மையாக இரு" என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனாலும் தம்பி, ஒன்று செய்யலாம். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு "இங்கே, இங்கே, இங்கே" என்று தாளைத் திருப்பாதே. உட்கார வைத்து முழுவதும் வாசித்துக் காட்டு. அபிடவிட்டின் முடிவில் "படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார்" என்று இருக்கிறது அல்லவா, அந்த ஒரு வரியை உண்மையாக்கு. வாசித்துக் காட்டினாலே பாதிப் பேர் "எனக்குக் காமாலை வரவில்லையே சார்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்போது நிஜக் காரணம் வெளியே வரும். உன் சீனியருக்கும் அது வசதி, வழக்கில் நிற்கிற காரணம் கிடைக்கிறது. பெரும்பாலான அலுவலகங்களில் காமாலை எழுதுவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல. கட்சிக்காரரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து "என்னதான் நடந்தது?" என்று யாரும் கேட்காததுதான்.

18 ஜூன், காலை

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வக்கீல் மனுவைத் திருத்த மறுக்கிறார், வேறு வக்கீலிடம் போவதென்றால் மீதிக் கட்டணம் கட்டினால்தான் கட்டைத் தருவேன் என்கிறாராம்.

கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்கு ஆவணங்களை வக்கீல் பிடித்து வைக்கக் கூடாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி நியாயமானது என்றால் அவர் தனியாக வசூலிக்கலாம். சண்டை போடாதீர்கள். ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் மரியாதையாகக் கேளுங்கள், அந்த ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். செய்த வேலைக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள், அதுவும் நேர்மையில் சேர்த்திதான். புதிய வக்கீல் மாற்று வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் தாள்) போடும்போது பழையவரின் ஒப்புதல் கிடைக்காவிட்டால் கோர்ட்டின் அனுமதியோடு போடலாம்.

இதற்கிடையில் 30 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, கட்டு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தீர்ப்பு, சார்வு அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகலுக்கு அப்பா தன் பெயரிலேயே நகல் மனு போடலாம்.

18 ஜூன், இரவு

இன்னும் ஒன்று, இழையைப் படிக்கிற எல்லாருக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரையும் கோர்ட்டையும் வருடத்தையும் கொடுத்துத் தேடலாம். வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிற அன்றே அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வழக்கு இன்னும் நம்பராகவில்லை என்றால், நம்பரானதும் சொல்லும்படி குமாஸ்தாவிடம் சொல்லி வையுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம், எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்கு வீட்டு வழக்குகளின் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.